பழைய மெகர், அவோ மீட்டர், பாலப்பெட்டி: ரங்கூன் வீடுகளில் கிடைக்கும் மின் சோதனைக் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்து நம்மவர் வீட்டுப் பரண்களில் இன்னும் இந்தப் பெட்டிகள் கிடக்கின்றன. தாத்தா ஆலையில் வயர்மேன், பெரியப்பா கப்பல் பட்டறையில் ஃபிட்டர் என்று ஏதோ ஒரு வழியில் வீட்டுக்கு வந்தவை. என் அப்பாவும் பசுண்டாங் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வயர்மேன்தான். அவர் பெட்டியிலிருந்த மெகரில்தான், அதாவது வயரின் உறையில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவியில்தான், பழைய மீட்டர்களைச் சரி செய்யும் இந்த வேலையைக் கற்றேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரணில் கிடந்து கெட்ட கருவியைவிட, பரணிலிருந்து இறக்கிய முதல் அரைமணி நேரத்தில் அவசரக் கை பட்டுக் கெட்ட கருவிதான் என் மேசைக்கு அதிகமாக வருகிறது. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவு கருவிகள் பர்மாவுக்கு எப்படி வந்தன?

ரங்கூனில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1906-இல். அதற்குப் பின் அரிசி ஆலை, மர ஆலை, ஐராவதி நீராவிக் கப்பல் பட்டறை, சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று மின்சாரம் போன இடமெல்லாம் சோதனைக் கருவியும் போனது. அந்தக் காலத்துச் சரக்கு பெரும்பாலும் லண்டன் சரக்கு. 1942 முதல் 1945 வரை நடந்த போர் இராணுவக் கருவிகளைக் கொண்டுவந்து விட்டுப்போனது. பிறகு ஜப்பான் போர் இழப்பீட்டில் பலூசவுங் நீர்மின் நிலையம் கட்டி 1960-இல் ஓடவிட்டார்கள். அந்தக் காலத்திலிருந்து ஜப்பானியக் கருவிகளும் கண்ணில் படத் தொடங்கின. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ஊருக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் கனமான பெட்டிகளை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுப்போனார்கள். கைப்பிடி வைத்த கனத்த பெட்டி ஒன்று "யாருடையதென்றே தெரியாது, எப்போதும் இங்கேதான் இருக்கிறது" என்று ஒரு வீட்டில் இருந்தால் அது அப்படி வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

பெயர்ப்பலகை போய்விட்டது. இது என்ன கருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டயலைப் பாருங்கள். அதில் பாதி விடை இருக்கிறது.

கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இடைவெளியில் இருந்தால் உள்ளே நிலைக்காந்தமும் சுழலும் சுருளும் இருக்கின்றன. அது டி.சி. மீட்டர். தொடக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்து, போகப்போக விரிந்தால் இரும்புத் தகடு அசையும் வகை. பழைய சுவிட்ச் போர்டுகளில் ஏ.சி. அளக்க வைத்தவை இவைதான். பூஜ்யம் வலது முனையில் இருந்து, இடப்பக்கம் போகப்போகக் கோடுகள் நெருங்கினால் அது ஓம் ஸ்கேல். ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி, பக்கவாட்டில் சுற்றும் கைப்பிடி என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அது மின்காப்புச் சோதனைக் கருவி. நம் ஊரில் எந்தக் கம்பெனி செய்ததானாலும் அதற்கு மெகர் என்றே பெயர். தடித்த முனை இரண்டு, மெல்லிய முனை இரண்டு என்று நான்கு முனை இருந்தால் வாட் மீட்டராக இருக்கலாம். தடித்தது கரண்டுக்கு, மெல்லியது வோல்ட்டுக்கு.

டயலின் அடியில் பொடிக் குறிகள் இருக்கும். தலைகீழான டி எழுத்துப் போலிருந்தால் கருவியை நிமிர்த்தி வைத்துப் படிக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்த பெட்டி போலிருந்தால் படுக்க வைத்து. நிமிர்த்திப் படிக்க வேண்டியதைப் படுக்க வைத்துவிட்டு "முள் சரியில்லை" என்று எழுதியவர்கள் உண்டு. நட்சத்திரத்துக்குள் 2 என்றிருந்தால் உடலுக்கும் முனைக்கும் இடையில் 2,000 வோல்ட் கொடுத்துச் சோதித்தது என்று பொருள்.

டயலே இல்லாமல், மரப்பெட்டியின் மேல் கறுப்புப் பலகை, அதில் பித்தளைக் கட்டைகள், கட்டைகளுக்கு நடுவே குத்தி எடுக்கும் பித்தளைச் சாவிகள் இருக்கிறதா? அது மின்தடைப் பெட்டி. மூன்று வரிசையாக இருந்தால் பி.ஓ. பாக்ஸ் என்று கல்லூரி ஆய்வகங்களில் சொல்லும் வீட்ஸ்டன் பாலம், தெரியாத மின்தடையை அளக்கும் பாலப்பெட்டி.

எத்தனை வயசு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. அதுவும் கருவியைத் திறக்காமலே.

பிரிட்டிஷ் காப்புரிமை எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 1916-இல் அந்த எண்களை 100001-இலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். ஆகவே ஆறு இலக்கக் காப்புரிமை எண் இருந்தால் கருவி 1916-க்குப் பிந்தியது. மின்தடைப் பெட்டியில் "இண்ட். ஓம்ஸ்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 1948-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஜனவரி முதல்தான் பன்னாட்டு ஓம் போய் இன்றைய ஓம் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் பத்தாயிரத்தில் ஐந்து பங்குதான், ஆனாலும் பெட்டியின் வயதை அது காட்டிக்கொடுத்துவிடும். அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்ஸ் என்று இல்லாமல் "சி/எஸ்" என்றிருந்தால் பெரும்பாலும் 1960-களோ அதற்கு முந்தியோ.

உடலில் மூன்று கோட்டு அம்புக்குறி, கோழிக் கால் தடம் போல, குத்தியிருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து, பெரும்பாலும் இராணுவம். கெபாசிட்டர் அளவு "ஜார்" என்று போட்டிருந்தால் பிரிட்டிஷ் கடற்படை. ஒரு மைக்ரோஃபாரடுக்கு 900 ஜார்.

ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் அவோ மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டயலிலுள்ள தொடர் எண்ணின் கடைசித் துண்டு மாதமும் ஆண்டும். 1156 என்று முடிந்தால் 1956 நவம்பர், 653 என்றால் 1953 ஜூன்.

மெகரின் முள் ஸ்கேலில் கண்ட இடத்தில் நிற்கிறது. பூஜ்யத்துக்கும் வருவதில்லை, முடிவிலிக்கும் போவதில்லை. ஸ்பிரிங் அறுந்துவிட்டதா?

அறுக்க அதில் ஸ்பிரிங்கே இல்லை. எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

சாதாரண மீட்டரில் சுருளை ஒரு பக்கம் கரண்ட் தள்ளும், மறுபக்கம் ஹேர்ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருள் ஸ்பிரிங் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெகரின் ஏற்பாடு வேறு. அதில் ஒரே தண்டில் இரண்டு சுருள்கள் ஒன்றுக்கொன்று கோணமாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று, கைப்பிடி சுற்றும் டைனமோவின் வோல்ட்டை நேராக வாங்கும். மற்றொன்று நீங்கள் சோதிக்கும் வயர் வழியாக வரும் கரண்டை வாங்கும். இரண்டும் எதிரெதிராகத் தள்ளும். சோதிக்கும் வயரில் கசிவே இல்லையென்றால் முதல் சுருள் மட்டும் வேலை செய்து முள்ளை முடிவிலிக்குக் கொண்டுபோகும். கசிவு கூடக்கூட இரண்டாவது சுருள் அதைப் பூஜ்யத்தின் பக்கம் இழுக்கும். நீங்கள் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் இரண்டு சுருளிலும் ஒரே விகிதத்தில் கூடிக் குறைவதால் முள் இடம் மாறாது. கையால் சுற்றும் கருவியில் நம்பத்தக்க அளவு கிடைப்பதற்கு அதுதான் காரணம். சிட்னி எவர்ஷெட் 1889-இல் காப்புரிமை வாங்கிய கருவியிலிருந்து வளர்ந்தது இது. மெகர் என்ற பெயரை எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனி 1903-இல் பதிவு செய்தது.

ஆகவே சுற்றாதபோது முள் எங்கே நின்றாலும் அது பழுதல்ல. நன்றாக இருக்கும் மெகரின் முள் அப்படித்தான் மிதக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டே சோதனை. முனைகளில் எதையும் கட்டாமல் சுற்றுங்கள்; முள் முடிவிலிக்குப் போக வேண்டும். முனைகள் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பூஜ்யத்துக்கு வர வேண்டும். இரண்டும் சரியென்றால் மூடியைக் கழற்றாதீர்கள்.

ஒரு தம்பி கொண்டுவந்த 500 வோல்ட் மெகரில் வேறொரு கடையில் ஹேர்ஸ்பிரிங் வைத்துவிட்டிருந்தார்கள். பழைய கைக்கடிகாரத்திலிருந்து எடுத்தது, சுத்தமாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. முள் அழகாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. எதைச் சோதித்தாலும் பொய் சொன்னது. அந்த ஸ்பிரிங்கை எடுக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. எடுத்த பிறகும் தண்டின் நுனி பழைய நிலைக்கு வரவில்லை.

கைப்பிடி சுற்ற வரவில்லையே?

உள்ளே பல்சக்கரத்துக் கிரீஸ் பிசினாகிவிட்டது. பலம் கொடுத்துச் சுற்றினால் பல் உடையும். திறந்து, பழைய கிரீஸை மரக்குச்சியால் வழித்து, சக்கரங்களை மட்டும் வெள்ளைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் கிரீஸ் மிகக் கொஞ்சமாக வையுங்கள். பெட்ரோல் சுருளின் பக்கம் போகக் கூடாது. காந்தத்தை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கழற்றினால் காந்த சக்தி குறைந்துவிடும். ஒரு வேகத்துக்கு மேல் கைப்பிடி வழுக்குவது போலிருந்தால் அது பழுதல்ல. வோல்ட் ஒரே அளவில் நிற்பதற்காக வைத்த வழுக்குக் கிளட்ச்.

மழைக்காலத்தில் முனைகளைக் கட்டாமல் சுற்றினாலும் முடிவிலிக்குப் போகவில்லை. ஜனவரியில் சரியாக இருந்தது.

ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி ஐந்து மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. முனைகளுக்கு நடுவே படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கரண்டுக்கு வழிவிடுகிறது. கருவி பொய் சொல்லவில்லை, தன் மேனியிலுள்ள கசிவையே அளந்து காட்டுகிறது. முனைகளைச் சுற்றி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு 40 வாட் குண்டு பல்பின் பக்கத்தில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். திறந்து செய்ய வேண்டிய வேலை எதையும் கார்த்திகைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மார்கழி, தை மாதங்களுக்கென்றே மீட்டர் வேலைகளை ஒதுக்கி வைப்பேன்.

அவோ மீட்டரில் முள் அசையவே இல்லை. உள்ளே சுருள் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். அவோ என்றால் ஆம்பியர், வோல்ட், ஓம். டொனால்டு மெக்காடி என்ற அஞ்சல்துறைப் பொறியாளர் வடிவமைத்து 1923-இல் வந்தது. நம் பக்கம் அதிகம் கிடைக்கும் மாடல் 8, 1951-இல் தொடங்கி மார்க் ஏழு வரை போய் 2008 வரை தயாரானது. அதன் முள் அசையாததற்கு மூன்று எளிய காரணங்கள் உண்டு.

முதலாவது, கட்-அவுட் பொத்தான். அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் அது வெளியே துள்ளும். உள்ளே அழுத்தி விடுங்கள். இரண்டாவது, இரண்டு சுழல் சுவிட்சுகள். டி.சி. அளக்க ஒன்றை டி.சி. என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மற்றொன்றில் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய மீட்டரில் ஒரே சுவிட்சைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. மூன்றாவது, சுவிட்ச் தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கும். கரண்ட் இல்லாமல் இருபது தடவை முழுச் சுற்றாகத் திருப்பினாலே பல கருவிகளுக்கு உயிர் வந்துவிடும்.

இவை மூன்றும் இல்லையென்றால்தான் சுருளைச் சோதிக்க வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. டிஜிட்டல் மீட்டரை ஓமில் வைத்து நேராகச் சுருளில் வைத்துப் பார்க்கிறார்கள். மாடல் 8-இன் சுருள் முழு ஸ்கேலுக்கு வாங்கும் கரண்ட் 37.5 மைக்ரோஆம்பியர்தான். டிஜிட்டல் மீட்டர் ஓம் சோதனையில் ஒரு மில்லிஆம்பியர் வரைகூடத் தள்ளும். முள் முனைத் தடையில் போய் அடித்து வளைந்துவிடும்.

நான் செய்வது இப்படி: ஒரு 1.5 வோல்ட் செல், அதோடு தொடராக ஒரு மெகஓம் ரெசிஸ்டர். அதன் வழியே போவது ஒன்றரை மைக்ரோஆம்பியர். அதற்கே உயிருள்ள சுருளின் முள் நூலளவு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு 470 கிலோஓம், பிறகு 100 கிலோஓம். கடைசியில் 15 மைக்ரோஆம்பியர். முள் ஸ்கேலின் நாற்பது சதவீதத்தில் வந்து நிற்க வேண்டும். நின்றால் சுருள் நலம். கோளாறு வேறெங்கோ.

ஓம் அளவுக்கு 15 வோல்ட் பேட்டரி கேட்கிறது. ரங்கூனில் எந்தக் கடையிலும் இல்லையே?

ஐந்து 3 வோல்ட் லித்தியம் பொத்தான் செல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் வைத்தால் 15 வோல்ட். உயர் ஓம் அளவு எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் வருஷக்கணக்கில் தாங்கும். மற்ற ஓம் அளவுகளுக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட் பெரிய செல் எங்கும் கிடைக்கும். பழைய செல் உள்ளே கசிந்திருந்தால், பழைய துத்தநாக வகைக்குச் சமையல் சோடாக் கரைசலும், ஆல்கலைன் வகைக்கு வினிகரும் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். ஊற்றாதீர்கள்.

அதே இடத்தில் டிஜிட்டல் மீட்டர் 6 வோல்ட் காட்டுகிறது, அவோ 4.8 காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். 12 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகக் கட்டி நடுவில் அளக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளபடி 6 வோல்ட் இருக்க வேண்டும். மாடல் 8 டி.சி.யில் வோல்ட்டுக்கு 20,000 ஓம். 10 வோல்ட் அளவில் அதன் மொத்தத் தடை 200 கிலோஓம். அதைக் கட்டியதுமே கீழ் ரெசிஸ்டர் 66.7 கிலோஓம் போல நடந்துகொள்ளும். கணக்குப் போட்டால் 4.8 வோல்ட் வரும். டிஜிட்டல் மீட்டரின் தடை சாதாரணமாக 10 மெகஓம் என்பதால் அது சர்க்யூட்டைத் தொந்தரவு செய்வதில்லை. பழைய ரேடியோ கையேடுகளில் கொடுத்த வோல்ட்டுகள் எந்த மீட்டரால் எடுத்தவை என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த ரேடியோவைச் சரி செய்யும்போது அதே வகைப் பழைய மீட்டரே நல்லது.

ஏ.சி. அளவு மட்டும் குறைவாகக் காட்டினால் அது வேறு விஷயம். ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற உள்ளிருக்கும் தாமிர ஆக்சைடு ரெக்டிஃபயருக்கு வயதாகிவிட்டது.

முள் பாதியில் ஒட்டிக்கொள்கிறது, கண்ணாடியைத் தட்டினால் குதிக்கிறது. ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம். முள்ளின் தண்டு ஊசி முனையாகத் தீட்டி, மாணிக்கக் கல் குழியில் உட்கார்ந்திருக்கும். உலர்ந்து ஓடவே செய்தது. எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்து, ஆறு மாதத்தில் பசையாகிவிடும். பதினெட்டு வயதில் நானும் இதைச் செய்தேன், அப்பாவின் அம்மீட்டரில். அதை இன்றுவரை சரி செய்ய முடியவில்லை.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் காந்த இடைவெளியில் புகுந்த இரும்புத்தூள். பட்டறையில் இருந்த கருவியென்றால் நிச்சயம் இருக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மூங்கிலைச் சீவி மெல்லிய ஈர்க்காக்கி, நுனியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கடுகளவு ஒட்டி, வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து விட்டு, பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். தூள் முடி போலக் காந்த முனையில் குத்திட்டு நிற்கும். தொட்டு எடுங்கள், களிமண்ணை மாற்றுங்கள், மறுபடி தொட்டு எடுங்கள். இரும்புச் சாமணம் வேண்டாம், காந்தம் அதைப் பிடித்திழுத்துச் சுருளின் மேல் மோத வைத்துவிடும்.

உடலைச் சுத்தம் செய்வது எப்படி?

பேக்கலைட் என்ற பழைய கெட்டி பிளாஸ்டிக்குக்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, காய்ந்த பின் கார் பாலிஷ். ஊறவைக்கக் கூடாது. டயல் அச்சின்மேல் தண்ணீரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மின்தடைப் பெட்டியின் கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) பலகை பழுப்பாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் வெயிலும் ஈரமும் அதிலிருந்த கந்தகத்தை அமிலமாக்கிவிட்டன. பார்வைக்கு மட்டுமல்ல, அந்த மேற்பரப்பு கரண்டையும் கசியவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் விரைவாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். பித்தளைச் சாவிகளுக்கு உப்புத்தாள் போடாதீர்கள். சாவியும் குழியும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தியவை, ஒரு தடவை தேய்த்தாலே பிடிப்புப் போய்விடும்.

உள்ளே ஆபத்தான பொருள் ஏதாவது இருக்குமா?

இருக்கும், தயவுசெய்து இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். போர்க்கால இராணுவ மீட்டரின் எண்களில் மங்கிய மஞ்சள் அல்லது பழுப்புச் சாயம் தடித்திருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். ஆய்வகப் பெட்டிகளோடு வெஸ்டன் செல் என்ற கண்ணாடிக் குழாய் கிடைத்தால் அதில் பாதரசமும் காட்மியமும் உண்டு. அது 1.0183 வோல்ட் தரும் ஒப்பீட்டு செல், பேட்டரி அல்ல. அடுக்கடுக்கான தகடுகள் போலிருக்கும் செலினியம் ரெக்டிஃபயர் கருகினால் அழுகிய நாற்றம் வரும். அந்தப் புகை நஞ்சு. உடனே கரண்டை அறுத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வெளியே போங்கள்.

வால்வு வைத்த பழைய மீட்டரை பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?

நேராக மாட்டாதீர்கள். அமெரிக்கக் கருவியென்றால் 115 வோல்ட்டுக்குச் செய்திருப்பார்கள். நம் 230 வோல்ட் அதை ஒரு நொடியில் எரித்துவிடும். 60 சைக்கிளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் நம் 50 சைக்கிளில் உள்ளே சூடேறும். ஆங்கிலக் கருவியானாலும் முதல் தடவை ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து மாட்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் மேலே போகலாம். ரப்பர் உறை பொடிந்த வயரையும் பழைய காகிதக் கெபாசிட்டர்களையும் அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

சரி செய்த கருவியை இன்றைய வேலைக்குக் கொண்டுபோகலாமா?

மெயின் போர்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்றைய மீட்டருக்குள் இருக்கும் உயர்திறன் ஃபியூஸும் பாதுகாப்பு வகைத் தரமும் இவற்றில் இல்லை. லைன் செத்திருக்கிறதா என்று பார்க்கப் புதிய சோதனைக் கருவி மட்டும்தான். மேசை வேலைக்கு, பேட்டரிக்கு, பழைய ரேடியோவுக்கு, பிள்ளைகளுக்குக் கற்றுத்தர, தாராளமாகப் பயன்படுத்தலாம். மெகரைக் கரண்ட் இல்லாத மோட்டாரிலும் வயரிலும் இன்றும் நான் பயன்படுத்துகிறேன். முனைகளில் 500 வோல்ட் வரும், சுற்றும்போது தொடாதீர்கள். நீளமான கேபிளைச் சோதித்த பின் அதில் தேங்கிய கரண்டை எர்த்தில் வைத்து இறக்குங்கள்.

மூடியின் உள்பக்கம் பென்சிலால் ஏதேதோ கிறுக்கியிருக்கிறது. துடைத்துவிடலாமா?

துடைக்காதீர்கள். பேட்டரி மாற்றிய தேதி, எந்த மோட்டாருக்கு எத்தனை மெகஓம் வந்தது என்று அந்தக் காலத்து வயர்மேன்கள் எழுதிவைப்பது வழக்கம். எங்கள் மெகரின் மூடியில் அப்பாவின் கையெழுத்தில் "பெரிய மோட்டார், மழைக்கு முன் 20, மழைக்குப் பின் 3" என்று இருக்கிறது. கீழே இடம் இருந்தால் நீங்கள் செய்த வேலையையும் தேதியோடு அதே பென்சிலில் எழுதிவையுங்கள்.